எலும்புக்குள் ஒரு பாய்

போன மாதம் சேர்மாதேவியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் ராத்திரி அம்மா வைத்த ஆட்டுக்கால் சூப்பில் ஒரு கிண்ணம் மிஞ்சி ஃபிரிட்ஜில் இருந்தது. காலையில் அண்ணன் மகள் அதை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. கிண்ணத்தோடு சேர்ந்து மொத்தமாக ஆடியது.

"ஆச்சி, சூப்பு கெட்டுப்போச்சு போல. ஜெல்லி மாதிரி கெடக்கு."

"கெட்டெல்லாம் போவல. நல்ல காலு, அதான் கட்டியிருக்கு. அடுப்புல வையி, எளகிரும்."

அம்மா சொன்னது சரிதான். சூப்பைக் கட்ட வைத்தது கொலாஜன் என்ற புரதம். ஆட்டுக்காலில் சதை குறைவு. தோல், தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு, இவைதான் அதிகம். இவை எல்லாவற்றிலும் செல்கள் கொஞ்சம். செல்கள் தங்களுக்கு வெளியே நெய்து வைத்த பொருள் நிறைய. மணிக்கணக்கில் கொதிக்கும்போது அதிலுள்ள கொலாஜன் முறுக்குப் பிரிந்து தண்ணீரில் இறங்குகிறது. அப்படி இறங்கியதற்கு ஜெலட்டின் என்று பெயர். ஆறும்போது அதே இழைகள் அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொள்கின்றன, நடுவில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சுட வைத்தால் முறுக்கு மறுபடி பிரியும், சூப் இளகும்.

அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், உயிரியல் எடுத்திருக்கிறாள். சூப்பைச் சுட வைத்துக்கொண்டே வேறொரு கேள்வி கேட்டாள். "அத்தை, எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே டிஎன்ஏதான இருக்கு? பெறகு எப்படி ஒண்ணு எலும்பாவுது, இன்னொண்ணு கொழுப்பாவுது?"

ரொம்ப நல்ல கேள்வி. நான் பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் சில வருடம் செல் வளர்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வேலை. பதிலில் ஒரு பாதி அந்தக் கிண்ணத்திலேயே இருந்தது.

முதலில் கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். ஸ்டெம் செல் என்பது இன்னும் ஒரு வேலைக்கென்று அமராத செல். கருவின் தொடக்க நாட்களில் இருக்கும் ஸ்டெம் செல் உடலின் எந்த வகைச் செல்லாகவும் ஆக முடியும். பெரியவர்களின் எலும்பு மஜ்ஜையில் ஒரு வகை ஸ்டெம் செல் இருக்கிறது. அதற்கு அவ்வளவு அகலமான வாய்ப்பு கிடையாது, ஆனால் எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என்று சில வழிகள் அதற்குத் திறந்திருக்கின்றன. ஏதோ ஒரு வழியில் போய் அந்த வேலைக்கே உரிய செல்லாக மாறுவதைப் பாடப்புத்தகம் வேறுபாடுறுதல் என்று சொல்லும். டிஎன்ஏ மாறுவதில்லை. அதில் எந்த ஜீன் விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதுதான் மாறுகிறது.

சரி, யார் எழுப்புகிறார்கள்? ஹார்மோன்கள், வளர்ச்சிக் காரணிகள் போன்று நீரில் கரைந்து வந்து தட்டும் செய்திகள் உண்டு. இவை பாடத்தில் வந்துவிடும். அதே அளவுக்கு முக்கியமான இன்னொன்று பாடத்தில் அனேகமாக விடுபட்டுப் போகிறது. அந்தச் செல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அது. புத்தகப் படங்களில் செல்லுக்குள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் கலர் கலராக இருக்கும். ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே வெறும் வெள்ளைத் தாள் இருக்கும். அந்த வெள்ளை இடம் காலி இடம் என்று பல வருடம் நானும் நினைத்திருந்தேன். காலியே இல்லை. அங்கே ஒரு பின்னல் இருக்கிறது. ஆய்வாளர்கள் எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ் என்பார்கள். நான் வகுப்பில் செல்வெளிப் பின்னல் என்று சொல்கிறேன். மனித உடலில் இந்தப் பின்னலின் அடிப்படைப் புரதங்கள் மட்டும் ஏறத்தாழ 300 வகை.

சொன்னால் மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே ஒரு வேலை செய்தோம். மதியச் சமையலுக்கு வாங்கிய கோழியில் ஒரு கால் எலும்பை வேக வைக்காமல் எடுத்து, சதையைச் சுரண்டிவிட்டு, ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூழ்கும்படி வினிகர் ஊற்றி மூடினோம். கொஞ்ச நேரத்தில் எலும்பின்மேல் பொடிப்பொடியாகக் குமிழ் ஒட்டியது. எலும்பில் இருக்கும் கார்பனேட்டோடு அமிலம் சேர்ந்து கரியமில வாயு வெளியேறுகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றச் சொல்லியிருந்தேன். அந்த எலும்பு ஊறட்டும்.

பத்தமடை எங்களுக்குப் பக்கத்து ஊர். வீட்டில் அம்மாவின் கல்யாணப் பாய் இன்னும் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கி விரித்தோம். பருத்தி நூல் பாவாக நீளவாக்கில் ஓடுகிறது. ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கீறிய கோரை குறுக்கே ஓடுகிறது. நூல் மட்டும் இருந்தால் அது தொங்கிக் கிடக்கும். கோரை மட்டும் இருந்தால் காற்றில் பறக்கும். இரண்டும் சேர்ந்ததால் படுக்க முடிகிறது, மடிக்க முடிகிறது. செல்வெளிப் பின்னலும் ஒரே புரதத்தால் ஆனதல்ல. இழுவிசையைத் தாங்கும் கயிறு ஒன்று, செல் ஒட்டிக்கொள்ளும் பசை ஒன்று, தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு ஒன்று என்று பங்கு பிரித்துக்கொண்ட புரதங்கள் சேர்ந்த நெசவு அது.

அந்தக் கயிறுதான் கொலாஜன். நம் உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் இதுதான். 28 வகை உண்டு. எண் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றில் முதல் வகை. குருத்தெலும்பில் இரண்டாம் வகை. செல்கள் வரிசையாக உட்காரும் மெல்லிய அடித்தளச் சவ்வில் நான்காம் வகை. இது கயிறாகத் திரளாமல் வலை போல விரியும்.

கொலாஜனின் வடிவத்தைக் கண்டுபிடித்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு, இதை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்ல, இயற்பியல் துறையில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றால் கொலாஜன்தானே. கங்காரு வாலின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனில் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழுந்தது. 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டார்கள்: தனித்தனியே சுருண்ட மூன்று இழைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து நிற்கும் அமைப்பு. அடுத்த ஆண்டே அதை இன்னும் திருத்தி, தாமே சுருண்ட அந்த இழைகள் ஒன்றையொன்று சுற்றியும் முறுக்கிக்கொள்கின்றன என்று காட்டினார்கள்.

மூன்று இழை இவ்வளவு நெருக்கமாக முறுக்க வேண்டுமென்றால் நடுவில் இடம் அடைக்காத ஒன்று வேண்டும். புரத இழையில் மணி போலக் கோத்திருக்கும் அமினோ அமிலங்களிலேயே ஆகச் சிறியது கிளைசின். அதனால் கொலாஜன் இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் நிற்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ள இழையில் ஒரே ஒரு கிளைசின் மாறிப்போனால்கூட, பிறந்த குழந்தைக்குத் தூக்கும்போதே எலும்பு முறியும் அளவுக்கு நோய் வரலாம்.

இன்னொன்று. முறுக்கு நம் உடல் சூட்டில் பிரியாமல் நிற்க, இழையில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்யப்பட வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி வைட்டமின் சி இல்லாமல் வேலை செய்யாது. மாற்றம் நடக்காத கொலாஜன் 24 டிகிரி வாக்கிலேயே முறுக்கு விட்டுவிடும். நம் உடலோ 37 டிகிரி. மாதக்கணக்கில் காய்கறி பழம் இல்லாமல் கப்பலில் போனவர்களுக்கு ஈறு கசிந்ததும், ஆறிய புண் மறுபடி திறந்ததும் இதனால்தான். நெல்லிக்காயைக் கடிக்கும்போது நாம் அந்த நொதிக்குத் தீனி போடுகிறோம். ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லை எலும்பாக மாற்ற ஊற்றும் கலவையிலும் வைட்டமின் சி கட்டாயம் இருக்கும், காரணம் இதேதான். அதை விட்டுவிட்டால் செல் ஒழுங்காகப் பாய் நெய்யாது, பாய் இல்லாமல் எலும்புச் செல்லாக முழுசாக மாறவும் செய்யாது.

அடுத்து ஒட்டும் புரதங்கள். ஃபைப்ரோனெக்டின், லாமினின் இரண்டையும் தெரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும். லாமினின் பெரும்பாலும் சிலுவை வடிவம், அடித்தளச் சவ்வில் இருப்பது. கருவில் மிக முந்தித் தோன்றும் பின்னல் புரதங்களில் ஒன்று. லாமினினின் ஒரு முக்கியமான துணுக்கைச் செய்ய முடியாதபடி ஜீனை நீக்கிய எலிக் கருக்கள் ஐந்தாறு நாளுக்குமேல் வளரவில்லை. ஃபைப்ரோனெக்டின் இல்லாத எலிக் கருக்கள் கொஞ்சம் தாண்டி வந்து, எட்டு ஒன்பது நாள் வாக்கில் நின்றுபோயின.

அம்மாவின் பாயில் ஓரத்தில் அப்பா பெயரும் அம்மா பெயரும் நெய்திருக்கும். பத்தமடையில் கல்யாணப் பாய்க்கு அது வழக்கம். ஃபைப்ரோனெக்டினிலும் அப்படி ஒரு எழுத்து நெய்யப்பட்டிருக்கிறது. 1984-ல் பியர்ஷ்பாகரும் ரூஸ்லாட்டியும் அதைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு பெரிய புரதத்தில் செல் பிடித்துக்கொள்ளும் இடம் வெறும் மூன்று அமினோ அமிலம்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம். இந்த மூன்றெழுத்தை வாசிக்கும் கை செல்லின் மேல்பரப்பில் இருக்கிறது. அதற்கு இன்டெக்ரின் என்று பெயர். மனித உடலில் 24 வகை. எல்லா வகையும் ஒரே எழுத்தை வாசிப்பதில்லை. இன்டெக்ரினின் ஒரு முனை வெளியே பாயைப் பிடித்திருக்கும். மறுமுனை செல்லுக்குள் போய், செல்லின் உள் எலும்புக்கூடு போன்ற நார்களோடு இணைந்திருக்கும். வெளியே இழுத்தால் உள்ளே தெரியும், உள்ளே இழுத்தால் வெளியே தெரியும்.

இந்தப் பிடிப்பு எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிந்தது ஒரு தவறால். எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய மனித ஸ்டெம் செல்களை ஆறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழியிலும் லாமினின் கரைசலை ஊற்றி வைத்திருந்து எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் அடியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் அவசரத்தில் ஐந்து குழிக்கு ஊற்றிவிட்டு ஆறாவதை விட்டுவிட்டேன். ஆறிலும் ஒரே செல், ஒரே சத்துநீர், ஒரே சூடு. மறுநாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஐந்து குழிகளில் செல்கள் தரையோடு தரையாகப் பரந்து, ஓரம் ஒழுங்காக வெட்டியது போல் நெருக்கமான கூட்டங்களாக இருந்தன. ஆறாவதில் அரிசிமாவுக் கட்டி போல உருண்டு மிதந்தன. தட்டை லேசாக ஆட்டினால் அவையும் ஆடின. பல செத்திருந்தன. அன்றைக்கு அந்தக் குழியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு எல்லாம் இருந்தும், நிற்கத் தரை இல்லை.

பஞ்சு போன்ற புரதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்ரிகன் என்று பெயர். பாட்டில் கழுவும் பிரஷ் போல உடம்பெல்லாம் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சப்ஜா விதை சர்பத்தில் ஊதிக்கொள்வதுபோல இது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். முழங்கால் குருத்தெலும்பு நாம் உட்கார்ந்து எழும்போது அமுங்கி மறுபடி எழும்புவது இதனால்தான்.

இனி இந்தப் பாய், செல் மாற மாற எப்படி மாறுகிறது என்பதற்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை எலும்பு உருவாகும் கதை.

தாயின் வயிற்றில் குழந்தையின் கை கால் அரும்பும்போது உள்ளே எலும்பே கிடையாது. ஸ்டெம் செல்கள் தளர்வாகச் சிதறிக் கிடக்கும். எலும்பு வர வேண்டிய இடத்தில் முதலில் அவை நெருங்கிக் கூடுகின்றன. அந்த நேரத்தில் அவற்றைச் சுற்றி இருப்பது ஃபைப்ரோனெக்டினும் முதல் வகைக் கொலாஜனும். நெருங்கியதும் உள்ளே சாக்ஸ்9 என்ற ஜீன் விழித்துக்கொள்கிறது. அது எழுந்தால் பாயின் இழையே மாறும். முதல் வகைக் கொலாஜன் குறைந்து, இரண்டாம் வகையும் அக்ரிகனும் குவிகின்றன. இப்போது அது குருத்தெலும்பு, எலும்பின் அச்சு வார்ப்பு. கொஞ்ச நாளில் நடுவில் இருக்கும் குருத்தெலும்புச் செல்கள் உப்பிப் பெரிதாகி, பத்தாம் வகைக் கொலாஜனை நெய்ய ஆரம்பிக்கின்றன. அந்தப் பாயில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. பிறகு ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன, கூடவே எலும்பு கட்டும் செல்களும் வருகின்றன. பழைய பாயைக் கிழித்துவிட்டு மறுபடி முதல் வகைக் கொலாஜனை விரிக்கின்றன. அதில் தாது ஏற ஏற எலும்பு.

ஒன்று, இரண்டு, பத்து, மறுபடி ஒன்று. அண்ணன் மகள் இதைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள். இதில் அவளுக்குப் பிடித்தது வேறு. நீ பாவாடை கட்டிய வயதிலிருந்து உயரம் கூடிய வருடமெல்லாம் உன் முழங்கால் பக்கத்தில், நீள எலும்பின் முனைக்குக் கீழே, இதே வரிசைதான் ஓடியது என்றேன். முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இதனால் ஆய்வகத்தில் ஒரு வசதி. ஒரு ஸ்டெம் செல் உண்மையிலேயே குருத்தெலும்பாக மாறியதா என்று எப்படி முடிவு செய்கிறோம்? அது விரித்த பாயைப் பார்க்கிறோம். இரண்டாம் வகைக் கொலாஜன் இருக்கிறதா? அக்ரிகனின் சர்க்கரைச் சங்கிலிகளில் ஏறும் நீலச் சாயம் ஏறுகிறதா? எலும்பு என்றால், மூன்று வாரம் வளர்த்துவிட்டு, கால்சியத்தில் ஒட்டும் அலிசரின் சிவப்பை ஊற்றிக் கழுவுவோம். மாறியிருந்தால் தட்டின் அடி குங்குமம் கொட்டியது போல் சிவக்கும். முதல்முறை அப்படிச் சிவந்ததைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

பாய் என்ன புரதம் என்பது மட்டும் இல்லை, அது எவ்வளவு விறைப்பு என்பதும் செல்லுக்குத் தெரியும். இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். 2006-ல் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் ஆகியோரின் குழு செய்த சோதனை இது. எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை, ஒரே கொலாஜன் பூசிய, ஆனால் வேறு வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். சத்துநீர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். விறைப்பைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் அளப்பார்கள். 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் வரை உள்ள, மூளை போல் மெத்தென்ற ஜெல்லில் செல்கள் நரம்புச் செல் போலக் கிளை விட்டன. 8 முதல் 17 வரை உள்ள, தசை போன்ற ஜெல்லில் தசைச் செல்லின் அடையாளங்கள் வந்தன. 25 முதல் 40 வரை உள்ளதில் எலும்புச் செல்லின் அடையாளங்கள். இளநீரின் வழுக்கை, பிஞ்சுத் தேங்காய், முற்றிய தேங்காய் என்று வரிசையாக நினைத்துக்கொள்ளலாம். வரிசைக்காகச் சொல்கிறேன், அளவுக்காக அல்ல. பலர் இதை எழுதும்போது ஸ்டெம் செல் நியூரானாகவே ஆகிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. வடிவமும் சில புரதங்களும் நரம்பின் சாயலுக்கு வந்தன, அவ்வளவுதான். அதுவே எவ்வளவு பெரிய விஷயம்!

விறைப்பு எப்படித் தெரிகிறது? செல் இழுத்துப் பார்க்கிறது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். தேர் நகர்ந்து கொடுக்கும்போது தோளில் பாரம் ஏறாது. தேர் அசையாமல் நிற்கும்போது இழுக்க இழுக்க விசை முழுக்க நம் தோளுக்கும் குதிகாலுக்கும் திரும்பி வரும். செல் தன் இன்டெக்ரின் கைகளால் பாயைப் பற்றி, உள்ளே இருக்கும் நார்களால் இழுக்கிறது. பாய் இளகிக் கொடுத்தால் உள்ளே இறுக்கம் குறைவு. விறைத்து நின்றால் இறுக்கம் அதிகம். அந்த இறுக்கம் கூடும்போது யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் போய் ஜீன்களை எழுப்புகிறது. யாப்பின் இந்தப் பங்கை 2011-ல் இத்தாலியின் பதோவாவில் இருக்கும் பிக்கோலோ குழு காட்டியது. எங்லர் குழுவும், இழுக்கும் வேலையைச் செய்யும் மயோசின் புரதத்தை ஒரு மருந்தால் முடக்கிப் பார்த்தார்கள். எந்த ஜெல்லில் இருந்தாலும் செல்லுக்கு வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

தரையின் பரப்புக்கூட ஒரு செய்திதான். 2004-ல் கிறிஸ்டோபர் சென் குழு ஃபைப்ரோனெக்டினைச் சின்னச் சின்னத் தீவுகளாகப் பூசி, தீவுக்கு ஒரு செல் வைத்தார்கள். சின்னத் தீவில் பரவ முடியாமல் உருண்டை கட்டிய செல்கள் கொழுப்புச் செல்லாகப் போயின. பெரிய தீவில் கை கால் நீட்டிப் பரந்தவை எலும்புப் பக்கம் போயின. அண்ணன் மகளின் கேள்வியில் இருந்த அதே எலும்பும் கொழுப்பும்.

நம் தோலிலும் இது தினமும் நடக்கிறது. தோலின் அடி வரிசையில் ஸ்டெம் செல்கள் லாமினின் நிறைந்த அடித்தளச் சவ்வை இன்டெக்ரினால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிடி இருக்கும் வரை ஸ்டெம் செல். பிடி விட்டு மேலே ஏறினால், வேறுபாடுற்று, தட்டையாகி, கடைசியில் துண்டால் தேய்க்கும்போது உதிரும் தோலாகப் போய்விடும்.

பாயை விரிப்பது மட்டும் போதாது, நேரம் வந்தால் கிழிக்கவும் வேண்டும். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வயலுக்குள் வந்ததும் வரப்போரம் தலைப்பிரட்டைகள் மொய்க்கும். அவற்றின் வால் எங்கே போகிறது என்று சின்ன வயதில் தேடியிருக்கிறோம். உதிர்வதில்லை, உள்ளேயே கரைகிறது. 1962-ல் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாப்பியேர் இருவரும் அந்த வாலில்தான் கொலாஜனை வெட்டும் நொதியைக் கண்டார்கள். பாய் வெட்டும் இந்த நொதிக் குடும்பம் பெரியது. எலும்பு உருவாகும்போது குருத்தெலும்புப் பாயைக் கிழித்து ரத்தக் குழாய்க்கு வழி விடுவதும் இவைதான். செல் பாயை நெய்கிறது, பாய் செல்லை மாற்றுகிறது, மாறிய செல் வேறு பாய் நெய்கிறது. 1982-லேயே மீனா பிசெல் இந்த இருவழிப் பேச்சை ஒரு கொள்கையாக முன்வைத்தார்.

இதைப் படிக்கும் யாராவது, ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூட்டுவலி முதல் சர்க்கரை வரை எல்லாம் தீரும் என்ற விளம்பரத்தைப் பார்த்திருந்தால், தயவுசெய்து பொறுங்கள். செல்லை மட்டும் ஊசியில் ஏற்றினால் அது உட்கார வேண்டிய பாயும் கூடவே போய்விடாது. ஊசி வழியே போகும் செல்களில் பெரும்பகுதி சில நாட்களில் காணாமல் போய்விடுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் சிலவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர மற்றவை எல்லாம் இன்னும் ஆராய்ச்சிக் கட்டம்தான். நகை அடகு வைத்துச் செய்யும் சிகிச்சையா என்று ஒருமுறைக்கு நாலுமுறை கேளுங்கள்.

வினிகர் பாட்டிலுக்கு வருவோம். ஒரு வாரம் கழித்து அண்ணன் மகள் வீடியோ கால் போட்டாள். எலும்பைக் கழுவி எடுத்து இரண்டு விரலால் வளைத்தாள். ரப்பர் போல வளைந்தது. முடிச்சே போடப் பார்த்தாள். அமிலம் தாதுவைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது, மிஞ்சி நிற்பது கொலாஜன் பாய். வடிவம் கொஞ்சமும் மாறவில்லை. தாத்தாவுக்குக் காடாற்றிய அன்று நான் கையில் எடுத்த எலும்பு இதற்கு நேர் எதிர். தீயில் பாய் எரிந்துபோய், தாது மட்டும் வெள்ளையாக நின்றது, தொட்டால் நொறுங்கியது.

"அத்தை, இது இப்ப செத்த எலும்புதான? இதுல புதுசா செல்லு வந்து ஒக்காந்தா என்னாவும்?"

1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் கிட்டத்தட்ட இதையேதான் செய்தார். வினிகருக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். தாது நீங்கிய எலும்புத் துண்டை முயல், எலி போன்ற விலங்குகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார். தசையில் எலும்புக்கு என்ன வேலை? ஆனால் சில வாரத்தில் அந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்தது, அந்த விலங்கின் சொந்தச் செல்களால். ஏழு வருடம் கழித்து ஹரி ரெட்டியும் சார்ல்ஸ் ஹக்கின்ஸும், தாது நீக்கிய எலும்புப் பொடியை எலியின் தோலுக்கடியில் வைத்து நாள் நாளாகப் பார்த்தார்கள். முதலில் செல்கள் வந்து கூடின. ஏழாம் நாள் வாக்கில் குருத்தெலும்பு. இரண்டாவது வாரத்தில் எலும்பு. மூன்றாவது வாரத்தில் உள்ளே மஜ்ஜை. காலண்டர் தாளில் எழுதி வைத்த அதே வரிசை.

செத்த பாய் எப்படிப் பேசியது? பாயின் இழைகளுக்குள் மிகக் கொஞ்சமாக ஒரு செய்திப் புரதம் ஒட்டியிருந்தது. அதற்கு யூரிஸ்ட் எலும்பு உருவாக்கப் புரதம் என்று பெயர் வைத்தார். பின்னல் என்பது தரை மட்டுமல்ல, வளர்ச்சிச் செய்திகளைப் பூட்டி வைக்கும் பெட்டியும்கூட.

"அப்ப அந்தப் புரதத்த மட்டும் எடுத்து வச்சா போதும்லா, பாயி எதுக்கு?"

1981-ல் குபேர் சம்பத்தும் ரெட்டியும் இதைச் சோதித்திருக்கிறார்கள். எலும்புப் பொடியைக் குவானிடின் என்ற உப்புக் கரைசலில் ஊற வைத்து, கரைந்து வரும் செய்திப் புரதங்களைத் தனியாகவும், கரையாத கொலாஜன் பாயைத் தனியாகவும் பிரித்தார்கள். கரைந்ததை மட்டும் எலிக்குள் வைத்தார்கள், எலும்பு வரவில்லை. பாயை மட்டும் வைத்தார்கள், அப்போதும் வரவில்லை.

"ரெண்டையும் திரும்பச் சேத்தா?"

சேர்த்து வைத்தார்கள். எலும்பு வந்தது.